கிட்டாரில் 9, 11, 13: ஜாஸ் கார்டுகளுக்கு ஆறாவது விரல் தேவையில்லை

கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. அவற்றின் தடிமனான அகராதி ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். எட்டு மாதம் ஓடியது. 9, 11, 13 என்று எண் ஏற ஏற விரல்கள் சிலந்திக் கால்களாக விரிந்தன, மணிக்கட்டு வலித்தது, இருநூறுக்கு மேற்பட்ட வடிவங்கள் கைக்கு வந்தன. பிறகு ஒருநாள் நண்பர்களோடு வாசிக்க உட்கார்ந்தேன். எட்டே கார்டுகள் உள்ள பாட்டைத் தாளம் தவறாமல் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கார்டும் தனியாகச் சரியாக ஒலித்தது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிதான் எனக்குத் தெரியவில்லை. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் வாசித்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என் சுரத்தையும் நீங்களே வாசித்துவிடுகிறீர்கள். பிறகு நான் எதற்கு?"

வீட்டுக்கு வந்ததும் அகராதியை மூடிவைத்துவிட்டு வேறு வரிசையில் கற்றுக்கொண்டேன். அந்த வரிசைதான் இது. ஜாஸ் கார்டு வாசிப்பதில் பெரும்பகுதி எந்தச் சுரத்தை விட்டுவிடுவது என்பதுதான். இது முதல் நாளே தெரிந்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தொடங்கும் முன்

ஜாஸுக்கென்று தனி கிட்டார் வாங்க வேண்டாம். அகூஸ்டிக்கோ எலெக்ட்ரிக்கோ, கையில் இருப்பதே போதும். தந்திகள் ஃபிரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடு) மிக உயரமாக நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஐந்தாவது ஃபிரெட்டில் ஒரு தந்தியை அழுத்தவே விரல் நோகிறது என்றால், கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பணம் செலவழிக்க ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். கார்டு அகராதிக்குக் கொடுப்பது வீண்.

தாளத்துக்குத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோம் வேண்டும், தொலைபேசியில் உள்ளதே போதும். ஒலிப்பதிவு செய்யவும் அதே தொலைபேசி. ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் நாளுக்கு இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி இருபது நிமிடம் உட்கார்ந்தால் கணக்குச் சரியாகும், கைதான் மறந்துவிடும். கீழே உள்ளவற்றை முடிக்க எனக்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று.

ஒரே விரலை எல்லாத் தந்திகள்மீதும் படுக்கவைக்கும் பாரே கார்டு இன்னும் சரியாக வரவில்லையே என்று தயங்குபவர்களுக்கு நல்ல செய்தி: இங்கே அது தேவைப்படாது. இந்த வடிவங்களில் பல அதைவிட எளியவை.

வடிவங்களை இடமிருந்து வலமாக, தடித்த ஆறாம் தந்தியில் தொடங்கி மெல்லிய முதல் தந்தி வரை எழுதியிருக்கிறேன். எண் என்றால் ஃபிரெட், × என்றால் அந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது.

1. இரண்டு தந்திகளின் சுரங்கள் (ஒரு வாரம்)

ஆறு தந்திகளிலும் எல்லாச் சுரங்களையும் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பார்கள். வேண்டாம், இப்போதைக்கு ஆறாம் தந்தியும் ஐந்தாம் தந்தியும் போதும்.

ஆறாம் தந்தி: வெறுந்தந்தி இ, 1 எஃப், 3 ஜி, 5 ஏ, 7 பி, 8 சி, 10 டி.
ஐந்தாம் தந்தி: வெறுந்தந்தி ஏ, 2 பி, 3 சி, 5 டி, 7 இ, 8 எஃப், 10 ஜி.

இடையில் விடுபட்டவை ஷார்ப் (அரைச் சுரம், அதாவது ஒரு ஃபிரெட், ஏறியது), ஃபிளாட் (அதே அளவு இறங்கியது) சுரங்கள். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஏதாவது ஒரு சுரத்தின் பெயரைச் சொல்லி, நான்கு தட்டுக்குள் அதை இரண்டு தந்திகளிலும் கண்டுபிடியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் திரும்பி இங்கேதான் வருகிறார்கள்.

2. பெயரைப் படிப்பது (இரண்டு நாள்)

ஸ்கேலில், அதாவது சுர வரிசையில், ஏழு சுரங்கள். எட்டாவது மீண்டும் முதல் சுரம். எனவே 9 என்பது மேலே போய் ஒலிக்கும் இரண்டாம் சுரம், 11 நான்காம் சுரம், 13 ஆறாம் சுரம். எண்ணிலிருந்து ஏழைக் கழித்தால் விடை. சி கார்டில் 9 என்றால் டி, 11 எஃப், 13 ஏ. ச ரி க ம என்று சுரங்கள் பாடிப் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம்: 9 மேல் ரி, 11 மேல் ம, 13 மேல் த. கார்டின் குணத்தைத் தீர்மானிப்பவை க, நி இரண்டும்தான்.

அந்த இரண்டை வைத்து மூன்று குடும்பங்கள். மூன்றாம் சுரம் இயல்பு, ஏழாம் சுரமும் இயல்பு என்றால் மேஜர் 7. மூன்றும் ஏழும் அரைச் சுரம் இறங்கினால் மைனர் 7. மூன்று இயல்பாக நின்று ஏழு மட்டும் இறங்கினால் டாமினன்ட் 7. இந்த மூன்றாம் வகையைத்தான் வெறும் எண்ணால் எழுதுவார்கள்.

இங்கேதான் முதல் பொறி. 'சி 9' என்று எழுதியிருந்தால் அது டாமினன்ட், உள்ளே பி ஃபிளாட் இருக்கும். 'சி மேஜர் 9' என்றால் பி இயல்பு. 'சி ஆட் 9' என்றால் ஏழாம் சுரமே கிடையாது, சாதாரண சி கார்டில் டி மட்டும் சேர்ந்திருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து நான் வாசித்த நாட்கள் உண்டு, கேட்டவர்கள் பாவம்.

இரண்டாவது பொறி சுருக்கெழுத்து. பெரிய 'எம்' மேஜர், சிறிய 'எம்' மைனர். கையால் எழுதிய தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எழுதியவரைக் கேட்டுவிடுங்கள். முக்கோணம் போட்டிருந்தால் மேஜர் 7. கழித்தல் குறி மைனர். சிறு வட்டம் டிமினிஷ்ட் (மூன்றும் ஐந்தும் இறங்கியது), குறுக்குக் கோடு போட்ட வட்டம் ஹாஃப் டிமினிஷ்ட், அதாவது ஐந்தாம் சுரம் இறங்கிய மைனர் 7.

3. எலும்புக்கூடு (இரண்டு வாரம்)

13 கார்டை முழுதாக எழுதினால் ஏழு சுரங்கள். கிட்டாரில் தந்தி ஆறு, அழுத்தும் விரல் நான்கு. ஆகவே எதையாவது விட்டே ஆக வேண்டும். முதலில் போகவேண்டியது ஐந்தாம் சுரம். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது. அடுத்து, பேஸ் வாசிப்பவர் உடன் இருந்தால் ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் முதல் சுரம். மூன்றையும் ஏழையும் மட்டும் விடக்கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு, அது 11க்கு வரும்போது.

ரூட், மூன்று, ஏழு ஆகியவற்றை மட்டும் வைத்து ஆறு வடிவங்கள்.

ரூட் ஆறாம் தந்தியில்:
ஜி மேஜர் 7: 3 × 4 4 × ×
ஜி 7: 3 × 3 4 × ×
ஜி மைனர் 7: 3 × 3 3 × ×

ரூட் ஐந்தாம் தந்தியில்:
சி மேஜர் 7: × 3 2 4 × ×
சி 7: × 3 2 3 × ×
சி மைனர் 7: × 3 1 3 × ×

ரூட் எந்த ஃபிரெட்டில் இருக்கிறதோ அந்தப் பெயர் கார்டுக்கு. முதல் படியில் பட்ட பாடு இங்கே பலன் தரும்: இந்த ஆறு வடிவங்களை நகர்த்தினாலே பன்னிரண்டு சுரங்களுக்கும் கார்டு கிடைத்துவிடும்.

மூன்று சுரம் ஏழைத்தனமாக ஒலிக்குமே என்று தோன்றினால், அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸியின் குழுவில் 1937இல் சேர்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீனைக் கேளுங்கள். பெரிய இசைக்குழுவுக்கு நடுவே அவர் வாசித்தவை இப்படிப்பட்ட சிறு கார்டுகள்தாம்.

ஒலிக்கக்கூடாத தந்திகளை அடக்குவதுதான் இங்கே உண்மையான உழைப்பு. ஆறாம் தந்தியை அழுத்தும் விரலின் நுனி ஐந்தாம் தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மேலே உள்ள மெல்லிய தந்திகளின்மீது ஒரு விரலின் அடிப்பாகம் சாய்ந்திருக்கட்டும். பிறகு ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். மூன்று பாட வேண்டும், மூன்று 'டப்' என்று செத்து ஒலிக்க வேண்டும். அடக்க வரவில்லையென்றால் கொஞ்ச காலம் தந்தி மீட்டும் பிக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் வேண்டிய தந்திகளை மட்டும் கிள்ளி வாசியுங்கள்.

4. இரண்டு - ஐந்து - ஒன்று (மூன்று வாரம், அவசரம் வேண்டாம்)

ஜாஸ் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர் இது. சி ஸ்கேலில் இரண்டாம் கார்டு டி மைனர் 7, ஐந்தாம் கார்டு ஜி 7, முதல் கார்டு சி மேஜர் 7. மேலே கற்ற வடிவங்களிலேயே:

டி மைனர் 7: × 5 3 5 × ×
ஜி 7: 3 × 3 4 × ×
சி மேஜர் 7: × 3 2 4 × ×

இப்போது ரூட்டை மறந்துவிட்டு நான்காம், மூன்றாம் தந்திகளை மட்டும் பாருங்கள். நான்காம் தந்தி: 3, 3, 2. மூன்றாம் தந்தி: 5, 4, 4. டி மைனரிலிருந்து ஜிக்குப் போகும்போது ஒரே ஒரு விரல் ஒரே ஒரு ஃபிரெட் இறங்குகிறது. ஜியிலிருந்து சிக்குப் போகும்போது இன்னொரு விரல் ஒரு ஃபிரெட் இறங்குகிறது. அவ்வளவுதான். டி மைனரின் மூன்றாம் சுரமான எஃப், ஜிக்கு ஏழாம் சுரமாக அங்கேயே காத்திருக்கிறது. டி மைனரின் ஏழாம் சுரமான சி, அரைச் சுரம் இறங்கி ஜிக்கு மூன்றாம் சுரமாகிவிடுகிறது.

இதை முதன்முறை கவனித்த இரவு அந்த இரண்டு தந்திகளை மட்டும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருநூறு வடிவங்கள் கற்றுத்தராததை இரண்டு தந்திகள் கற்றுத்தந்தன. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒரு வாரம் ரூட் இல்லாமல் இரண்டு சுரங்களை மட்டும் வாசியுங்கள். வாயால் அவற்றைப் பாடவும் பாருங்கள். குரல் மோசமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

பிறகு வடிவத்தை நகர்த்துங்கள். கணக்கு இதுதான்: இரண்டாம் கார்டின் ரூட் ஐந்தாம் தந்தியில், அதற்கு இரண்டு ஃபிரெட் கீழே ஆறாம் தந்தியில் ஐந்தாம் கார்டு, அதே ஃபிரெட்டில் ஐந்தாம் தந்திக்கு வந்தால் முதல் கார்டு. ஸ்கேல் மாறினாலும் இந்த உறவு மாறாது.

இதன் கண்ணாடி உருவம், இரண்டாம் கார்டின் ரூட் ஆறாம் தந்தியில் இருக்கும்போது:

ஜி மைனர் 7: 3 × 3 3 × ×
சி 7: × 3 2 3 × ×
எஃப் மேஜர் 7: 1 × 2 2 × ×

இதிலும் எந்தச் சுரம் நகர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்பதை நோட்டில் எழுதிவையுங்கள்.

5. இரண்டாம் தந்தியில் ஒரு விரல் (மூன்று வாரம்)

இப்போதுதான் 9, 13 எல்லாம் வருகின்றன. எலும்புக்கூட்டைக் கலைக்காமல் இரண்டாம் தந்தியில் ஒரு சுரம் சேர்த்தால் போதும்.

டி மைனர் 9: × 5 3 5 5 ×
ஜி 13: 3 × 3 4 5 ×
சி மேஜர் 9: × 3 2 4 3 ×

விரல்கள்: டி மைனர் 9க்கு நடுவிரல் ஐந்தாம் தந்தியில், ஆட்காட்டி நான்காம் தந்தியில், மோதிர விரல் மூன்றாம் தந்தியில், சுண்டுவிரல் இரண்டாம் தந்தியில். ஜி 13க்கு ஆட்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்று தடித்த தந்தியிலிருந்து வரிசையாக. சி மேஜர் 9க்கு நடுவிரல் ஐந்தில், ஆட்காட்டி நான்கில், சுண்டுவிரல் மூன்றில், மோதிர விரல் இரண்டில்.

இரண்டாம் தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் உள்ள இ, டி மைனருக்கு 9. கார்டு ஜிக்கு மாறும்போது அதே இ 13 ஆகிவிடுகிறது. சுண்டுவிரலை எடுக்கவே வேண்டாம். எண்ணைப் பார்த்துப் பயந்த அந்த 13, ஏற்கெனவே விரலுக்கடியில் இருந்த சுரம்தான்.

வடிவம் விரியாமல் கை நோகிறது என்றால் மேலே போங்கள். ஃபிரெட்டுகள் அங்கே நெருங்கி இருக்கும். டி மைனர் 9இன் அதே வடிவத்தை × 10 8 10 10 × என்று பிடித்தால் ஜி மைனர் 9. அங்கே பழகிவிட்டு நாளுக்கு ஒரு ஃபிரெட் இறங்கி வாருங்கள். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் நடுவில் இருக்கட்டும். விரல் நுனி வலிப்பது இயல்பு, மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அதைச் சட்டைசெய்யாமல் வாசித்து மூன்று வாரம் கிட்டாரைத் தொடமுடியாமல் இருந்தவன் சொல்கிறேன்.

6. காரம்

டாமினன்ட் கார்டில் மட்டும் 9ஐ அரைச் சுரம் ஏற்றலாம் அல்லது இறக்கலாம், 13ஐ அரைச் சுரம் இறக்கலாம். அந்தக் கார்டு எப்படியும் வீடு திரும்பத் தவிப்பது, தவிப்பைக் கூட்டினால் தாங்கும்.

மேலே உள்ள தொடரில் ஜி 13ஐ எடுத்துவிட்டு 3 × 3 4 4 × என்று வையுங்கள். இது ஃபிளாட் 13. இரண்டாம் தந்தியில் இப்போது 5, 4, 3 என்று படிப்படியாக ஒரு மெட்டு இறங்குகிறது. கண்ணாடி உருவத்தில் அதே தந்தி ஏறும்:

ஜி மைனர் 11: 3 × 3 3 1 ×
சி 7 ஃபிளாட் 9: × 3 2 3 2 ×
எஃப் மேஜர் 13: 1 × 2 2 3 ×

இரண்டாவது வடிவத்துக்கு ஆட்காட்டி விரலைச் சற்றுப் படுக்கவைத்து நான்காம், இரண்டாம் தந்திகள் இரண்டையும் பிடிக்க வேண்டும். சி 7 ஷார்ப் 9 வேண்டுமென்றால் × 3 2 3 4 ×. எல்லா டாமினன்டிலும் தூவாதீர்கள். பாடுபவர் இயல்பான 9ஐப் பாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஃபிளாட் 9 வைத்தால், திரும்பிப் பார்க்கிற பார்வையே தனி.

7. 11 என்னும் சண்டைக்காரன்

மைனர் கார்டில் 11 சாதுவாக உட்காரும், மேலே பார்த்தீர்கள். மேஜரிலும் டாமினன்டிலும் அப்படியல்ல. சி கார்டின் மூன்றாம் சுரம் இ. 11 அதற்கு அரைச் சுரம் மேலுள்ள எஃப். இரண்டும் சேர்ந்தால் உரசும். தப்பிக்க இரண்டு வழி.

மேஜரில் 11ஐ அரைச் சுரம் ஏற்றி ஷார்ப் 11 ஆக்குவது. சி மேஜர் 7 ஷார்ப் 11: × 3 4 4 5 ×.

டாமினன்டில் மூன்றாம் சுரத்தையே விட்டுவிடுவது. முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். ஜி 11 என்று எழுதியிருந்தால் 3 × 3 2 1 × வாசியுங்கள். ஜி 9 சஸ் 4 (மூன்றுக்குப் பதில் நான்காம் சுரம்) என்று எழுதியிருந்தாலும் இதே வடிவம்தான். டாமினன்ட் 13இலும் இயல்பான 11ஐ வழக்கமாகச் சேர்ப்பதில்லை.

8. ரூட்டை விடுவது (இரண்டு வாரம்)

தொலைபேசியில் தடித்த தந்திகளில் டி, ஜி, சி, சி என்று ஒவ்வொன்றையும் நான்கு தட்டுக்குப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அதன்மீது ஐந்தாம் படியின் கார்டுகளை ரூட் இல்லாமல், நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகளில் மட்டும் வாசியுங்கள். கை லேசாகிவிடும், கார்டு மட்டும் நிறைவாகவே கேட்கும்.

அடுத்து ஒரு வேடிக்கை. தொடக்கத்தில் பலரும் கற்கும் எஃப் மேஜர் 7 வடிவம், அதாவது × × 3 2 1 0 (0 என்றால் வெறுந்தந்தி), அதை டி பேஸ்மீது வாசியுங்கள். கேட்பது டி மைனர் 9. சி பேஸ்மீது இ மைனர் 7 வாசித்தால் சி மேஜர் 9. ரூட்டை எடுத்துவிட்டால் பெரிய கார்டுக்குள்ளிருந்து சின்னக் கார்டு வெளியே வருகிறது. ஜி 9இலிருந்து ஜியை எடுத்தால் மிஞ்சுவது பி ஹாஃப் டிமினிஷ்ட்.

தனியாக வாசிக்கும்போதும், குழுவில் பேஸ் இல்லாதபோதும் ரூட்டை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்பவர்களுக்கு எந்தக் கார்டு என்றே தெரியாது.

9. தாளத்தில் வைத்துப் பார்ப்பது

120 வேகத்தில் வாசிக்க வேண்டுமென்றால் மெட்ரோனோமை 60இல் வைத்து, அதன் தட்டுகளை இரண்டாம், நான்காம் தட்டுகளாகக் கேளுங்கள். முதல் சில நாள் அது தானாக ஒன்று, மூன்றுக்கு நழுவிவிடும். "ஒன்று" என்று வாயால் சொல்லி, தட்டு வரும்போது "இரண்டு" என்று சொல்லித் தொடங்கினால் பிடிபடும். ஒவ்வொரு தட்டிலும் கார்டை அடித்தவுடன் இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல்.

பயிற்சிக்கு 12 பார் புளூஸ் (ஒரு பார் என்றால் நான்கு தட்டு). மூன்றே கார்டுகள்:

ஜி 13: 3 × 3 4 5 ×
சி 9: × 3 2 3 3 ×
டி 9: × 5 4 5 5 ×

நான்கு பார் ஜி, இரண்டு பார் சி, இரண்டு பார் ஜி, ஒரு பார் டி, ஒரு பார் சி, இரண்டு பார் ஜி. ஜியிலிருந்து சிக்குப் போகும்போது மேலுள்ள மூன்று சுரங்களும் சேர்ந்து கீழே சரிவது காதில் விழுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் விரல் பட்ட பாடுதான் நினைவுக்கு வரும்.

இதற்கு மேல் ஆட்களோடு வாசியுங்கள். பியானோ இருக்கும் இடத்தில் நான்கு சுரக் கார்டு வேண்டாம், அவர் இடக்கையும் வலக்கையும் ஏற்கெனவே அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். மூன்றையும் ஏழையும் மட்டும் வையுங்கள், அல்லது ஒரு சுற்று அவர், ஒரு சுற்று நீங்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று தெரியாமல் போனால், கார்டைத் தேடி ஃபிரெட் ஃபிரெட்டாக அலையாதீர்கள். இடக்கையால் எல்லாத் தந்திகளையும் அடக்கிக்கொண்டு, வலக்கையால் நான்கு தட்டையும் 'சக் சக்' என்று அடித்துக்கொண்டே இருங்கள். பேஸ் வாசிப்பவரின் விரலைப் பாருங்கள். அவர் மறுபடி ஜிக்கு வந்து புதுச் சுற்றுத் தொடங்கும்போது நீங்களும் ஏறிக்கொள்ளலாம்.